அத்தான், தைப் பனி, மைனஸ் முப்பது

வெள்ளி. கல்லணை, திருவையாறு

அத்தான் ஓய்வு பெற்று ஊருக்கே வந்துவிட்டார். எல்லைச் சாலை அமைப்பில் வண்டி மெக்கானிக். திராஸ், கார்கில், லே என்று லடாக்கிலேயே மாறி மாறி இருந்தவர். பிறந்தது மன்னார்குடிப் பக்கம் என்றாலும் டெல்டாவை அவர் நிதானமாகச் சுற்றிப் பார்த்தது கிடையாது. லீவில் வந்தால் கல்யாணம், காதுகுத்து, பத்திரப் பதிவு என்று நாள் ஓடிவிடும். அப்புறம் பெட்டி கட்ட வேண்டியதுதான். அதனால் பொங்கல் கழிந்த கையோடு அவரையும் அக்காவையும் என் பழைய டீசல் காரில் ஏற்றிக்கொண்டு, கல்லணையில் தொடங்கி கோடியக்கரை வரை போய்வரலாம் என்று கிளம்பிவிட்டோம். அன்றன்றைக்கு ராத்திரி தங்குகிற இடத்தில் உட்கார்ந்து எழுதிப் போடுகிறேன். கோயில், குளம், சாப்பாடு என்று எழுதத்தான் நினைத்திருந்தேன். முதல் நாளே லடாக் வந்து நடுவில் உட்கார்ந்துகொண்டது.

திருச்சியில் கிளம்பும்போது மணி ஐந்தரை. காவிரிக் கரைச் சாலையில் எதிரே வருகிற வண்டியின் விளக்கு மட்டும்தான் தெரிந்தது. போனில் 20 டிகிரி காட்டியது. நான் ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாவுமாக ஓட்டிக்கொண்டிருக்க, அத்தான் அரைக்கைச் சட்டையோடு கண்ணாடியை இறக்கிவிட்டு முழங்கையை வெளியே வைத்துக்கொண்டார். “தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்னு சும்மாவா சொன்னாங்க? ஏத்துங்க கண்ணாடியை” என்று அக்கா பின்னாலிருந்து அதட்டியதும் பாதி ஏற்றினார்.

அக்காவின் பையில் தேங்காய் எண்ணெய்ப் பாட்டில் வெள்ளைவெளேரென்று உறைந்து கிடந்தது. நம் ஊர்க் குளிருக்கு வேறு சாட்சி வேண்டாம்; 24 டிகிரிக்குக் கீழே இறங்கினால் தேங்காய் எண்ணெய் கட்டிவிடும். விடிந்ததும் வெயில் படட்டும் என்று அதை டாஷ்போர்டில் வைத்தாள். அத்தான் எடுத்துக் கவிழ்த்துப் பார்த்தார். “மாப்ளே, திராஸ்ல டீசல் இப்படித்தான் நிக்கும்.”

டீசலில் இயல்பாகவே மெழுகு கொஞ்சம் உண்டு. குளிர் கூடக் கூட அது பிரிந்து திரியாகி ஃபில்டரை அடைத்துவிடும். எஞ்சின் இரண்டு தரம் இருமும், நின்றுவிடும். முன்பெல்லாம் டீசலோடு மண்ணெண்ணெய் கலப்பார்களாம். போதாவிட்டால் இரும்புத் தட்டில் எண்ணெயில் நனைத்த கந்தலைக் கொளுத்தி டேங்குக்கு அடியில் வைப்பது. டீசல் டேங்குக்கு அடியில் நெருப்பு! கேட்கவே வயிற்றைக் கலக்குகிறது, அவருக்கு அது காலைக் காபிக்கு முந்தின வேலை. 2019-ல் இந்தியன் ஆயில் குளிர்கால டீசல் என்று தனியாகக் கொண்டுவந்தது. மைனஸ் 33 டிகிரி வரைக்கும் பாயும். அதற்கப்புறம் பாதித் தலைவலி போய்விட்டது என்கிறார்.

மீதிப் பாதி பேட்டரி. குளிரில் அதன் வலு குறைந்துவிடும். சார்ஜ் இறங்கியிருந்தால் உள்ளே இருக்கிற திரவமே உறைந்து பெட்டி வெடித்துவிடும். அதனால் சாயங்காலம் வண்டியை நிறுத்தினால் பேட்டரியைக் கழற்றி அறைக்குள் கொண்டுவந்து கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டுத்தான் படுப்பார்கள். ரேடியேட்டரில் வெறும் தண்ணீர் ஊற்றினால் எஞ்சின் பிளாக்கே விரிசல் விடும். தண்ணீர் உறையும்போது பருமன் கூடும் என்று எட்டாம் வகுப்பில் படித்ததுதான், வார்ப்பிரும்பைப் பிளக்கும் என்று யாரும் சொல்லித்தரவில்லை.

கடைசிக் கொஞ்ச தூரம் அவர் ஓட்டினார். கல்லணையில் நிறுத்தியதும் கியரில் போட்டுவிட்டு இறங்கி, கல் தேடிச் சக்கரத்துக்கு அண்டை கொடுத்தார். ஹேண்ட் பிரேக்கைத் தொடவே இல்லை. “இழுத்துவிட்டா ராத்திரியில ஈரம் உறைஞ்சு பிடிச்சுக்கும் மாப்ளே, காலையில வண்டி நகராது.” வெயில் ஏறி வழுக்கைத் தலையெல்லாம் வியர்க்கிற இடத்தில் நின்று இதைச் சொல்கிறார். பழக்கம் என்பது சாமானியத்தில் விடுமா?

கல்லணையில் அவர் நின்ற நேரம் அதிகம். காவிரி, வெண்ணாறு, புது ஆறு, கொள்ளிடம் என்று தண்ணீர் பிரிகிற இடம். கரிகாலன் கட்டியதென்று இரண்டாயிரம் வருஷத்துக் கதையும், பிற்காலத்தில் வெள்ளைக்காரர்கள் வைத்த ஷட்டர்களும் ஒன்றாக நிற்கிற இடம். ஜனவரி 28-ல் மேட்டூரை மூடுவது வழக்கம். அந்த நாள் நெருங்குவதால் வரத்து குறைந்து, ஷட்டருக்குக் கீழே மணல் திட்டு தெரிகிறது. எனக்கு அது வற்றிப்போன ஆறு. அவர் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு, “தை மாசத்துல ஓடுது பாரு” என்று அக்காவிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

திருவையாற்றில் அசோகா. நெய் விரலில் வழிகிறது. இதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை, சாப்பிட வேண்டும்.

ராத்திரி தஞ்சாவூர் அறையில் நான் கேட்டேன்: திராஸில் ஒரு தடவை மைனஸ் 60 வரை போனதாமே? 1995 ஜனவரி என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கிறார்களே? ஊர் முகப்பிலேயே உலகின் இரண்டாவது குளிரான குடியிருப்பு என்று போர்டு இருப்பதாகப் படித்திருக்கிறேன். அத்தான் சிரித்தார். “போர்டு இருக்கு. நான் பார்த்தது முப்பது, முப்பத்தி ரெண்டு. அதுக்குக் கீழ இறங்கினா கணக்கு எதுக்கு?” சைபீரியாவின் ஓய்மியாகோனில் 1933-ல் பதிவான மைனஸ் 67.7 பற்றி நான் சொன்னதை அவர் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. போர்வையே இல்லாமல் ஃபேனைப் போட்டுக்கொண்டு படுத்துவிட்டார்.

சனி. சுவாமிமலை, கும்பகோணம்

கும்பகோணத்துக்கு வந்து காபியைப் பற்றி எழுதாமல் போனால் விடமாட்டார்கள். பித்தளை டவராவில் நுரையோடு வந்தது. நான் ஆற்றிக்கொண்டிருக்க, அத்தான் ஆவி பறக்க அப்படியே வாயில் ஊற்றி, நாக்கைச் சுட்டுக்கொண்டு துள்ளினார். லேயில் அப்படிக் குடிக்கலாமாம். சுமார் 11,500 அடி உயரத்தில் தண்ணீர் 88 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதிக்கிற டீ என்றாலும் அவ்வளவுதான் சூடு. டம்ளரில் ஊற்றிப் பேசிக்கொண்டே இருந்தால் மேலே ஏடு கட்டும் முன் ஆறிப்போகும்.

இதைச் சொன்னதும் அக்கா பிடித்துக்கொண்டாள். அவள் லேயில் இருந்தது ஒரே ஒரு குளிர்காலம். அத்தான் அங்கே ஒரு வீட்டு மாடியில் அறை எடுத்து, “வந்துதான் பாரேன்” என்று கூப்பிட்டிருக்கிறார். அத்தானின் லடாக் முழுக்க எஞ்சினும் சாலையும்தான். அக்காவின் லடாக் தண்ணீர். இரண்டையும் கேட்டதில் எனக்கு அக்கா சொன்னதுதான் நிஜமான லடாக் என்று படுகிறது, ஆகவே நீட்டியே எழுதுகிறேன்.

88 டிகிரியில் பொன்னி அரிசி வேகாது. பானையில் வைத்தால் வெளியே குழைந்து உள்ளே கல்லாக இருக்கும். குக்கர் இல்லாத தமிழ்க் குடும்பம் அங்கே ஒரு வாரம் தாங்காது என்கிறாள். துவரம் பருப்புக்கு விசில் எண்ணுவதையே விட்டுவிட்டாள். கேஸ் சிலிண்டரும் குளிரில் படுத்துவிடும். உள்ளே இருக்கிற திரவம் ஆவியானால்தானே அடுப்பு எரியும்? சிலிண்டருக்குக் கம்பளி சுற்றுவாள், அகலத் தொட்டியில் வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு அதில் நிற்க வைப்பாள். அந்தத் தண்ணீரைக் காய்ச்சக் கேஸ் வேண்டும். “இதுக்கு ஒரு முடிவே கிடையாதுடா” என்று இப்போதும் சலித்துக்கொள்கிறாள்.

தண்ணீர் எங்கிருந்து? நவம்பரில் வீட்டுக் குழாய்களில் இருக்கிற தண்ணீரை வடித்துக் காலி செய்துவிடுவார்கள். விட்டுவைத்தால் உறைந்து குழாய் பிளக்கும். அப்புறம் தெருவுக்கு லாரி வரும், குடத்தோடு வரிசை. அந்த ஒரு காட்சியில் மட்டும் ஊர் ஞாபகம் வந்ததாம். உறையாமல் வைத்திருக்கிற ஒன்றிரண்டு குழாய்களை ராத்திரி முழுக்கச் சொட்டவிட வேண்டும், ஓடுகிற தண்ணீர் சட்டென்று உறையாது. குழாயை இறுக்கி மூடு என்று சொல்லியே வளர்க்கப்பட்டவளுக்கு, மூடினால் திட்டுகிற வீட்டுக்கார அம்மா வாய்த்தார். படுக்கும்போது வாளியில் பிடித்து வைத்த தண்ணீரின் மேல் காலையில் விரற்கடை கனத்துக்குப் பனிக்கட்டி. கரண்டிக் காம்பால் குத்தி உடைத்து, அடியில் இருப்பதை மொண்டு அடுப்பில் ஏற்றுவது அன்றைய முதல் வேலை.

போன புதிதில் பழக்க தோஷத்தில் விடியற்காலை வாசல் தெளித்துவிட்டாள். திரும்பிப் பார்ப்பதற்குள் வாசற்படி கண்ணாடியாகிவிட்டது. வீட்டுக்கார அம்மா ஒன்றும் சொல்லவில்லையாம்; உள்ளே போய் அடுப்புச் சாம்பலை அள்ளிக்கொண்டு வந்து அதன் மேல் தூவினார். மறுநாளிலிருந்து அக்கா தண்ணீர் இல்லாமல் வெறும் மாக்கோலம். அதைக் காக்கை தின்றது. மைனஸ் பதினைந்திலும் காக்கை இருக்கிறது, கோலமும் இருக்கிறது, இதில் ஏனோ எனக்கு ஒரு சந்தோஷம்.

கழிப்பறை விஷயம் சொல்லும்போது காபிக் கடையில் குரலைத் தாழ்த்தினாள். மாடியில் மண் பரப்பிய அறை, நடுவில் ஒரு ஓட்டை, ஓரத்தில் மண்வெட்டி. போய்விட்டு வந்ததும் மண்ணும் சாம்பலும் தள்ளிவிட வேண்டும், தண்ணீரே கிடையாது. கீழ் அறையில் சேர்ந்து மட்கி, வசந்தத்தில் வயலுக்கு எருவாகப் போகும். முதலில் அழுதேவிட்டாளாம். தை மாதத்துக்குள், உறைகிற குழாயோடு மல்லுக்கு நிற்கிற மேல்நாட்டுக் கக்கூஸைவிட இதுவே மேல் என்ற முடிவுக்கு வந்துவிட்டாள். நாற்றமும் இல்லையாம்.

இட்லி மாவு புளிக்கவில்லை. புகாரி என்று தகர அடுப்பு ஒன்று, கூரைக்குப் புகைக்குழாய் வைத்தது, அறைக்கு நடுவில் எரியும். அதன் பக்கத்தில் கம்பளி சுற்றி இரண்டு நாள் வைத்த பிறகுதான் மாவு லேசாகப் பொங்கியது. படுக்கப் போகும்போது புகாரியை அணைத்துவிட வேண்டும். மூடின அறையில் எரியவிட்டுத் தூங்கினால் புகையில் இருக்கிற கார்பன் மோனாக்சைடு ஓசையில்லாமல் ஆளை முடித்துவிடும். அதனால் குளிரில் நடுங்கிக்கொண்டு தூங்குவதுதான் பத்திரம். பகலில் வீட்டின் தெற்குப் பக்கத்துக் கண்ணாடி அறையில் எல்லோரும் கூடிவிடுவார்கள். வானம் பளிச்சென்று இருக்கும், வெயில் கண்ணாடிக்குள் சுள்ளென்று விழும், வீட்டுக்கார அம்மா அங்கே உட்கார்ந்து கம்பளி நூற்பார். உப்பும் வெண்ணெயும் போட்டுக் கடைந்த டீ வந்துகொண்டே இருக்கும். அதைக் காபியோடு ஒப்பிடாமல் ரசமாக நினைத்துக் குடித்தால் இறங்கும் என்பது அக்காவின் யோசனை.

துவைத்த துணி கொடியில் விறைத்து நிற்கும், வேட்டியை மடித்தால் முறியும். ஆனாலும் இரண்டு நாளில் காய்ந்துவிடும். காற்று அவ்வளவு வறட்சி, பனிக்கட்டி உருகாமலே ஆவியாகப் போய்விடுகிறது. முட்டை உறைந்து ஓடு வெடிக்கும். தக்காளியைத் தரையில் போட்டால் டங்கென்று கேட்கும். உருளைக்கிழங்கு, கேரட், டர்னிப் எல்லாம் தோட்டத்தில் குழி வெட்டிப் புதைத்து, வேண்டும்போது தோண்டுவார்கள். மண்ணுக்குள்ளே உறையாது.

கும்பகோணம் வருவதற்கு முன்னால் சுவாமிமலையில் சிலை வார்க்கிற பட்டறை ஒன்றில் நின்றோம். மெழுகில் உருவம் செய்து, காவிரி வண்டல் பூசி, மெழுகை உருக்கி வடித்துவிட்டு அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றுகிறார்கள். அத்தான் அங்கே நகரவில்லை. பட்டறைக்காரர் அரத்தைச் சும்மா நீட்ட, இவர் கையை வேட்டியில் துடைத்துவிட்டு வாங்கினார். ஈரக் கையால் உறைந்த இரும்பைத் தொட்டால் தோல் ஒட்டிக்கொள்ளும், இழுத்தால் தோல் அங்கேயே நின்றுவிடும்.

ஞாயிறு. வலங்கைமான், நீடாமங்கலம், மன்னார்குடி

சாலை முழுக்க நெல். வலங்கைமான் தாண்டியதும் பாதித் தார் ரோடு களமாகிவிட்டது. ஈர வயலில் பெல்ட் மிஷின் இறங்கி அறுக்கிறது, டிராக்டர் டிப்பரில் கொட்டுகிறது, ரோட்டில் விரிக்கிறார்கள். காலையில் ஒன்பது மணி வரை மேலே தார்ப்பாய் மூடியேதான் கிடந்தது. பனி.

சொல்லப்போனால் டெல்டாவில் குளிர் என்றால் நெல்லின் ஈரப்பதம்தான். கொள்முதல் நிலையத்தில் 17 சதவீதத்துக்கு மேல் போனால் வாங்கமாட்டார்கள். மழை பெய்த வருஷங்களில் தளர்வு கேட்டுக் கேட்டு வாங்குவது தனிக் கதை. அத்தானின் அண்ணன் சம்பா அறுத்து முடித்துவிட்டு மூட்டைக்காகக் காத்திருந்தார். “சாயங்காலம் அளந்தா பதினேழு. விடிஞ்சு அளந்தா பத்தொன்பது. ராத்திரி யாரு தண்ணி ஊத்துனா?” என்று தம்பியைப் பார்த்துக் கேட்டார், லடாக்கிலிருந்து பனியை அவர்தான் கொண்டுவந்த மாதிரி.

ஆனால் அதே பனிதான் உளுந்தை வளர்க்கிறது. அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னால், வயல் மெழுகுப் பதத்தில் இருக்கும்போது நெல் தாளுக்கு நடுவிலேயே உளுந்தை விதைத்துவிடுவார்கள். ஆடுதுறை 3 இதற்கென்றே வந்த ரகம். உழவு கிடையாது, பாசனம் கிடையாது. அறுத்த பிறகு மண்ணில் மிச்சமிருக்கிற ஈரமும் ராத்திரி இறங்குகிற பனியும்தான். அண்ணன் குனிந்து ஒரு தாளை விலக்கிக் காட்டினார். இரண்டு இலை விட்ட உளுந்து, இலை நுனியில் ஒரு சொட்டு. பக்கத்தில் மிஷினின் பெல்ட் தடம். அதில் போனது போனதுதான். கையால் அறுத்த காலத்தில் இந்த நஷ்டம் இல்லை, இப்போது கையால் அறுக்க ஆள் இல்லை.

இந்த இடத்தில்தான் அத்தான் பனிக்கூம்பைப் பற்றிச் சொன்னார். வரப்பில் உட்கார்ந்து, நான், அண்ணன், பக்கத்து வயல்காரர் இருவர் என்று எல்லோரும் கேட்டோம்.

லேயில் வருஷத்துக்கே சுமார் 100 மில்லிமீட்டர்தான் மழையும் பனியும். நமக்கு ஐப்பசியில் ஒரு புயல் ஒரே நாளில் கொட்டிவிட்டுப் போகிற அளவு. ஒரே போகம், வசந்தத்தில் பார்லி, கோதுமை விதைப்பு. ஏப்ரல், மே மாதங்களில் விதைக்கத் தண்ணீர் வேண்டும். மேலே பனிப்பாறை உருகி ஓடை நிறைவதோ ஜூனில். நடுவில் முட்டுப்பாடு. குளிர்காலத்தில் ஓடையில் தண்ணீர் வீணாக ஓடிக்கொண்டிருக்கிறது, அப்போது கேட்பார் இல்லை. அதைப் பிடித்துவைத்தால் என்ன? செவாங் நோர்பெல் என்கிற பொறியாளர் மலைச்சரிவில் தடுப்புகள் கட்டி, தண்ணீரை மெதுவாகப் பரவவிட்டு உறையவைத்தார். அதற்காக 2015-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். சோனம் வாங்சுக் அதையே கூம்பாக்கினார். மேட்டிலிருந்து குழாயில் தண்ணீரைக் கொண்டுவந்தால், மோட்டாரே இல்லாமல் தாழ்வான இடத்தில் பீய்ச்சி அடிக்கும். மைனஸ் இருபது ராத்திரியில் அது கீழே விழுவதற்குள் உறையும். தினமும் வளர்ந்து வளர்ந்து பனையுயரத்துக்குக் கூம்பாக நிற்கும். தட்டையாகப் பரப்பினால் வெயில் சீக்கிரம் தின்றுவிடும். கூம்பில் வெயில் படுகிற பரப்பு குறைவு, ஆகவே விதைப்புக் காலம் வரை தாக்குப்பிடிக்கும். முதல் கூம்பு 2013-14 குளிர்காலத்தில் நின்றது.

அண்ணன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கேட்டது ஒன்றுதான். “சரி, அந்தத் தண்ணிய முறை வச்சு விடுறது யாரு?”

கும்பகோணத்திலோ தஞ்சாவூரிலோ யாரிடம் இந்தக் கதையைச் சொல்லியிருந்தாலும் கூம்பு எவ்வளவு உயரம் என்றுதான் கேட்டிருப்பார்கள். அத்தானுக்கே முகம் மலர்ந்துவிட்டது. அங்கே ஊருக்கு ஒரு சுர்போன் உண்டாம். தண்ணீர் முறை பார்க்கிற ஆள். வீட்டு வரிசைப்படி மாறி மாறி வருகிற பொறுப்பு. இன்றைக்கு எந்த வயலுக்கு, எவ்வளவு நேரம் என்பது அவர் சொல்வதுதான். மடையைத் திறந்து, கல்லும் மண்ணும் வைத்து அடைத்துத் திருப்பிவிடுவார். “நம்ம லஸ்கரு மாதிரி” என்றார் பக்கத்து வயல்காரர். “லஸ்கரு கவர்மெண்ட் ஆளுடா, அவரு ஊர் ஆளு” என்று அண்ணன் திருத்தினார். அப்புறம் பேச்சு ஷட்டர், தூர் வாருவது, போன குறுவையில் கடைமடைக்கு எத்தனை நாள் தாமதமாகத் தண்ணீர் வந்தது என்று போய்விட்டது. லடாக்கில் ஓடைக்குக் கடைசியில் இருக்கிற வயல்காரன் பாடும் அதேதானாம்.

ஜூன் 12-ல் மேட்டூர் திறந்ததா என்று இங்கே பேப்பர் பார்க்கிறோம். அங்கே ஜூனில் பனிப்பாறை உருகியதா என்று மலையைப் பார்க்கிறார்கள். குளிர் நாடு என்றால் உடம்பு படுகிற பாடு என்றுதான் நான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன். அக்கா சொன்னதையும் சேர்த்துப் பார்த்தால், அது முழுக்கத் தண்ணீர் படுத்துகிற பாடு. இருக்கிறது, கண்ணெதிரே இருக்கிறது, எடுக்கத்தான் முடியாது.

திங்கள். திருத்துறைப்பூண்டி

ஒன்றும் பார்க்கவில்லை. காலையில் ஒரு தூறல் போட்டது. வழியெல்லாம் தார்ப்பாயை இழுத்துக்கொண்டு ஓடுகிறவர்களைத்தான் பார்த்தோம். அக்காவுக்கு முழங்கால் வலி என்று லாட்ஜிலேயே இருந்துவிட்டோம். மீன் குழம்பு நன்றாக இருந்தது.

படுத்துக்கொண்டே அத்தான் சொன்ன ஒன்றை மட்டும் குறித்து வைக்கிறேன். குளிரில் செய்யக்கூடாத முதல் காரியம் வியர்ப்பது. டயருக்குச் சங்கிலி மாட்டுகிற வேலையோ, பனி வெட்டுகிற வேலையோ, தொடங்குவதற்கு முன்னால் மேலே ஒரு உடுப்பைக் கழற்றிவிட வேண்டும், கொஞ்சம் குளிரட்டும் என்று. போட்டபடியே செய்தால் உள்ளே வியர்த்து நனையும். வேலை நின்ற பத்தாவது நிமிஷம் அந்த ஈரம்தான் ஆளைப் பிடிக்கும். பருத்திச் சாக்ஸ் ஆகவே ஆகாது, கம்பளிதான். விரல் வலிக்கிற வரைக்கும் பயமில்லை. வலி நின்று, வெளுத்து, மரத்துப்போனால்தான் பயப்பட வேண்டும். அப்போது நெருப்பில் காட்டவோ தேய்க்கவோ கூடாது, வெதுவெதுப்பான தண்ணீரில் வைக்க வேண்டும். கூட வேலை பார்த்த ஒருவர் அடுப்பருகே கையை நீட்டிவிட்டார். மரத்த விரலுக்குச் சுடுவது தெரியவில்லை, ஒரு நுனி போயிற்று.

செவ்வாய். வேதாரண்யம், கோடியக்கரை

அகஸ்தியம்பள்ளியில் உப்பு சத்தியாகிரகத் தூணைப் பார்த்தோம். 1930 ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்து வந்து உப்பு எடுத்த மண். நாங்கள் காரில் வந்த தூரம், அவர்கள் சித்திரை வெயிலில் நடந்திருக்கிறார்கள்.

உப்பளத்தில் இப்போதுதான் வேலை தொடங்குகிறது. மழைத் தண்ணீரை வடித்து, பாத்தியை மிதித்துக் கெட்டிப்படுத்திக்கொண்டிருந்தார்கள். போன பருவத்து உப்பு கீற்று போட்ட அம்பாரமாக நின்றது. வேலையில் இருந்த பெரியவர் அத்தான் எங்கே இருந்தவர் என்று கேட்டுவிட்டு, “வெளிநாட்ல பனி கொட்டுனா ரோட்ல உப்பு போடுவாங்களாமே, நம்ம உப்பு அங்க போகாதா?” என்றார். உப்பு சேர்ந்தால் தண்ணீர் பூஜ்யத்தில் உறையாது, இன்னும் கீழே போக வேண்டும். அதனால் பனி இளகும். ஆனால் அதற்கும் ஒரு எல்லை. மைனஸ் 21-க்குக் கீழே எவ்வளவு உப்பைக் கொட்டினாலும் பலிக்காது. திராஸ் ராத்திரிக்கு வேதாரண்யம் உப்பு உதவாது என்று கேட்டதும் பெரியவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம். அங்கே மண்ணையும் மணலையும் தூவுவார்கள், சக்கரத்தில் சங்கிலி கட்டுவார்கள். பனி கொட்டிக் கிடப்பதைவிட மோசம், தார் மேல் மெல்லிசாகக் கட்டுகிற கண்ணாடிப் பனி. கண்ணுக்குத் தெரியாது. டிரைவர் அதைத் தெரிந்துகொள்வது ஸ்டியரிங் கையில் லேசாகிப்போகும்போதுதான்.

லடாக்கிலும் உப்பு விளைகிறது. த்ஸோ கர் ஏரிக் கரையில் எடுத்து, சாங்பா இடையர்கள் ஆட்டின் முதுகில் ஏற்றிக்கொண்டுபோய்ப் பார்லிக்கு மாற்றுவார்களாம், முன்னொரு காலத்தில். நெல்லுக்கு உப்பு மாற்றிய கதை பெரியவரின் பாட்டி காலத்தில் இங்கேயும் உண்டு.

சாயங்காலம் கோடியக்கரை. 2018 கஜா புயல் முறித்துப்போட்ட மரங்களின் கட்டைகள் இன்னும் அங்கங்கே கிடக்கின்றன. வெளிமான்கள் தூரத்தில் மேய்ந்தன. சேற்றில் பூநாரைக் கூட்டம் நின்றது, எல்லோரும் அதைத்தான் படம் எடுத்தார்கள். எனக்கு அவற்றின் காலடியில் ஓடிக்கொண்டிருந்த கொசு உள்ளான் என்கிற குட்டிப் பறவைகளைப் பார்க்கத்தான் ஆசை. முப்பது கிராம்கூடத் தேறாது. ஆர்க்டிக் ஓரத்து சைபீரியாவில் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்துவிட்டு, அங்கே உறையத் தொடங்குமுன் இங்கே வந்துவிடுகிறது. சேறு உறைந்தால் புழு கிடைக்காது, அவ்வளவுதான் காரணம். குளிருக்குப் பயந்து அல்ல, சாப்பாட்டுக்காக.

கரையோரம் வெள்ளைத் தலையும் சிவப்பு அலகுமாகக் கடற்காகங்கள் உட்கார்ந்திருந்தன. கண்ணுக்குப் பின்னால் கறுப்பாக ஒரு பொட்டு. பறவைகளுக்கு வளையம் போடுகிறவர்களோடு முன்பு வேலை பார்த்த உள்ளூர்க்காரர் ஒருவர் கூட இருந்தார். பழுப்புத்தலைக் கடற்காகம் என்றார். “தலை வெள்ளையால்ல இருக்கு?” என்று அக்கா கேட்டாள். கோடையில்தான் பழுப்பு, குஞ்சு பொரிக்கிற காலத்தில். எங்கே பொரிக்கும்? திபெத்திலும் லடாக்கிலும், உயரத்து ஏரிக்கரைகளில்.

அத்தான் அவரிடமிருந்து பைனாகுலரை வாங்கிக்கொண்டார். பாங்காங் ஏரியில் வருஷா வருஷம் பார்த்த பறவை. டீக்கடைக்கே வந்து ரொட்டித் துண்டு பிடுங்குமாம். அக்டோபரில் காணாமல் போய்விடும். ஏரி உப்புத் தண்ணீர்தான், ஆனாலும் குளிர்காலத்தில் கரைக்குக் கரை உறைந்து அதன் மேல் ஜீப் ஓட்டலாம். எங்கே போகிறது என்று அவர் யாரையும் கேட்டதில்லை. “நான் லீவு கேட்டு மாஞ்சு மாஞ்சு எழுதிக்கிட்டிருந்தேன், இது கேக்காமயே நம்ம ஊருக்கு வந்துட்டுப் போயிருக்கு பாரு” என்றார். அக்கா, “அதுக்கு மேலதிகாரி கிடையாதுல்ல” என்றாள்.

இதைப் படித்துவிட்டு ஜனவரியில் லே போகிறேன் என்று இரண்டு பேர் கிளம்பிவிட்டதாக அத்தானிடம் சொன்னேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். விமானத்தில் போய் இறங்கினால் இரண்டு நாள் படுக்கையைவிட்டு எழுந்து சுற்றக்கூடாது. உயரம் உடம்புக்குப் பிடிபட வேண்டும், தலைவலி, வாந்தி வந்தால் வீரம் காட்டாமல் டாக்டரைப் பார்க்க வேண்டும். போனைச் சட்டைக்குள் உடம்போடு ஒட்டி வைக்க வேண்டும், வெளியே எடுத்தால் சார்ஜ் சரசரவென்று இறங்கும். தலைக்குத் தேங்காய் எண்ணெய் வேண்டாம், நல்லெண்ணெய் கொண்டுபோகலாம். ஸ்ரீநகர் சாலையில் இருக்கிற ஜோஜிலா கணவாயைப் பனி எப்போது வேண்டுமானாலும் மூடிவிடலாம், சாலை வழியாகத் திரும்பிக்கொள்ளலாம் என்று கணக்குப் போடாதீர்கள். லேக்குக் காலையில்தான் விமானம் இறங்கும், மதியத்துக்கு மேல் காற்று விடாது. மேகம் மூடினால் அன்றைக்கு ரத்து. அதனால் திரும்புகிற தேதியை ஒட்டிக் கல்யாணமோ வளைகாப்போ வைத்துக்கொள்ள வேண்டாம்.